முன்னாள் தலைவர்மேல் வெளிநாட்டு வழக்கு: நம் அதிகாரி காகிதம் கொடுத்தால் அது காட்டிக்கொடுத்தலா?

13.03.2025, காலை (கோபி வாசகர் ஒருவரின் கேள்வி)

பிலிப்பைன்ஸின் டுட்டர்டேவை மணிலா விமான நிலையத்தில் வைத்துப் பிடித்து, அன்று இரவே ஹேக் நகரத்துக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியது வெளிநாட்டுப் போலீஸ் இல்லை. நேற்றுவரை அவருக்கு சல்யூட் அடித்த அதே போலீஸ். தப்பு செய்திருந்தால் உள்ளூர் கோர்ட்டில் தண்டிக்கட்டும். சொந்த நாட்டு முன்னாள் ஜனாதிபதியை அடுத்தவன் கோர்ட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது, தீரன் சின்னமலையைக் காட்டிக்கொடுத்த நல்லப்பன் வேலை. கோர்ட்டில் குப்பை கொட்டிய அக்கா என்ன சொல்கிறீர்கள்?

13.03.2025, இரவு

குப்பை கொட்டியது உண்மைதான். 1985-இல் தட்டச்சராகச் சேர்ந்து சிரஸ்தாராக, அதாவது கோர்ட் ஆபீசின் தலைமை எழுத்தராக வெளியே வந்தேன், எல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள். அதனால் எனக்கு இந்த விஷயம் டிவியில் தெரிவதுபோலத் தெரிவதில்லை. கைவிலங்கும் விமானமும் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. மற்றபடி வெளிநாட்டு விசாரணைக்கு ஒத்துழைப்பது என்றால் ஒரு கட்டுக் காகிதத்தை நகல் எடுத்து, பக்க எண் போட்டு, முத்திரை குத்தி, டேக் கட்டி அனுப்புவது. அதைச் செய்பவரை யாரும் நல்லப்பன் என்று திட்டுவதில்லை, காரணம், அப்படி ஒருத்தர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

டுட்டர்டே விஷயம். மார்ச் 11, ஹாங்காங்கிலிருந்து திரும்பியவரை இறங்கிய இடத்திலேயே பிடித்தார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வாரண்ட், இன்டர்போல் வழியாக வந்தது. போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகள் பற்றிய வழக்கு. போலீஸ் கணக்கிலேயே செத்தவர்கள் 6,000-க்கு மேல். பிலிப்பைன்ஸ் 2018-இலேயே அந்த நீதிமன்றத்தை விட்டு விலகிவிட்டதே, பிறகு எப்படி என்று கேட்பீர்கள். தூக்கம் வருகிறது, நாளை.

14.03.2025

உள்ளூர் கோர்ட்டில் தண்டிக்கட்டும் என்பது நல்ல வாதம். அந்த வாதத்தைச் சொன்னவர்கள் உள்ளூரில் எத்தனை வழக்கு நடத்தினார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. ஹேக்கில் இருக்கும் நீதிமன்றமே உள்ளூர்க்காரர்கள் உண்மையாக விசாரிக்காதபோது மட்டும் உள்ளே வர வேண்டும் என்ற விதியில் நடப்பது.

ஆனால் அந்த அதிகாரிகளைத் தியாகிகளாக்கவும் எனக்கு மனசு வரவில்லை. இப்போதைய ஜனாதிபதி மார்கோஸ் ஜூனியர், அந்த நீதிமன்றத்தோடு ஒத்துழைக்க மாட்டோம் என்று முன்பு பலமுறை சொன்னவர். 2022 தேர்தலில் அவரும் டுட்டர்டேயின் மகளும் ஒரே அணி. அந்த உறவு முறிந்தது, கோப்பு நகர்ந்தது. எங்கள் ஆபீசிலும் அப்படித்தான். ஒரு கோப்பு ஏன் மூன்று வருஷம் நகரவில்லை என்று கேட்டால் நூறு காரணம் சொல்வார்கள். ஏன் திடீரென்று நகர்ந்தது என்று கேட்டால் ஒரு காரணமும் சொல்ல மாட்டார்கள்.

16.03.2025

திருத்தம். விலகல் அறிவிப்புக் கொடுத்தது 2018 மார்ச். அது நடைமுறைக்கு வந்தது 2019 மார்ச் 17. அந்தத் தேதிக்கு முன் நடந்தவை எல்லாம் நீதிமன்றத்தின் கைக்குள்தான் இருக்கின்றன. அதோடு அவர்களிடமே 2009-இல் போட்ட சட்டம் ஒன்று, எண் 9851, சர்வதேச நீதிமன்றத்திடம் ஆளை ஒப்படைக்க இடம் கொடுக்கிறது. அன்று இரவு தூக்கக் கலக்கத்தில் தட்டிவிட்டேன். கோர்ட்டில் இருந்திருந்தால் இதற்கு மெமோ வந்திருக்கும்.

22.03.2025

"அக்கா நேரில் பார்த்ததைச் சொல்லுங்க, சட்டத்தை நாங்க கூகுளில் பார்த்துக்கறோம்" என்று பெருந்துறைக்காரர் கேட்டார். சரி.

1996. எந்த ஊர் கோர்ட் என்பது வேண்டாம், நொய்யல் ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழுப்புக் கவர் வந்தது. உள்ளே வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்றின் வேண்டுகோள் கடிதம், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, அதன்மேல் டெல்லி உள்துறையின் முகப்புக் கடிதம், அதன்மேல் தலைமை மாஜிஸ்திரேட்டின் குறிப்பு. வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்கக் கடிதம். மூலக் கடிதத்தின் முத்திரையில் மையே இல்லை, காகிதமே மேடாகப் புடைத்திருந்தது. தபேதார் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

விஷயம் இது. அந்த நாட்டின் பழைய அமைச்சர் ஒருவரின் குடும்பக் கம்பெனி இங்கிருந்து பனியன் வாங்கியிருக்கிறது. வாங்கிய விலை ஒன்று, கணக்கில் காட்டிய விலை இன்னொன்று. நடுவில் போன பணம் எங்கே என்று அங்கே தேடுகிறார்கள். இங்கே பில் எழுதிய கணக்கப்பிள்ளையிடம் 17 கேள்வி கேட்டு, பதிலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அமைச்சர் பெயரும் நாட்டின் பெயரும் வேண்டாம், எனக்கு அதில் கடைசிவரை பாதிதான் புரிந்தது.

எங்கள் மாஜிஸ்திரேட் சின்ன வயசுக்காரர். "அம்மா, 166பி எடுங்க" என்றார். எடுத்தேன். எங்கள் ஆபீஸில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டப் புத்தகத்தில் 166-க்கு அடுத்தது 167. 166ஏ, 166பி இரண்டும் 1990-இல் சேர்த்தவை, எங்கள் புத்தகம் அதற்கு முந்தியது. எதிர்ப் பக்கம் இருந்த வக்கீல் ஆபீஸில் கடன் வாங்கித்தான் சட்டம் என்ன சொல்கிறது என்றே பார்த்தோம். வெளிநாட்டுக் கோர்ட்டின் கடிதம் வந்தால் மத்திய அரசு அதை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். அவர் சாட்சியை அழைத்து வாக்குமூலம் பதியலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். எல்லாம் திரும்ப மத்திய அரசு வழியாகவே போக வேண்டும்.

சம்மன் போனது. "மேற்படி நபர் இவ்விடத்தில் இல்லை" என்று எழுதித் திரும்பி வந்தது. ஏன் தெரியுமா? அவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் மனிதனே கிடையாது. நம்மவருக்கு இரண்டு இனிஷியல், முதலாவது ஊருக்கு. யாரோ விரித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தில் சாட்சியின் குடும்பப் பெயர்: காங்கேயம். ஏட்டையா திரு. காங்கேயத்தைத் தேடிக் களைத்துத் திரும்பியிருக்கிறார்.

இரண்டாம் முறை ஆள் வந்தார். வெள்ளை வேட்டி, மஞ்சப்பை. பைக்குள் பில் புக்குகள், ஒவ்வொன்றிலும் மூன்றாவது தாள் ரோஸ் நிறம், கார்பன் பதிவு. முதலாளி எப்போதோ எறியச் சொன்னாராம். எழுதியதை எறியக் கை வராமல் மஞ்சள் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறார். வராந்தாவில் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்கம்மா, என்னைய அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்களா? பாஸ்போர்ட்டு கூட இல்லீங்களே."

ஒன்பதாவது கேள்வியில் எல்லாரும் மாட்டினோம். ஆங்கிலத்தில் என்னவோ இருந்ததை நான் "மேற்படி கம்பெனியின் பயன்பெறும் உரிமையாளர் யார்?" என்று தமிழில் தட்டி வைத்திருந்தேன். சாட்சி யோசித்தார். "பனியனோட பயனுங்களா? போடறவங்களுக்குத்தானுங்க." மாஜிஸ்திரேட் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே பேனா தேடினார். அப்புறம் நான், "கம்பெனி பேருக்கு ஒருத்தருது, நிஜமா யாருது?" என்று விளக்கினேன். "அது எனக்கெப்படீங்க தெரியும், முதலாளி சொன்ன ரேட்டை எழுதினேன்." அதுதான் பதிவானது.

நகல்களை ஒப்பிட்டுச் சான்றிட்டு எடுத்துக்கொண்டு, அசல் பில் புக்குகளை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். மறு உத்தரவு வரும்வரை பத்திரமாக வைத்திருப்பதாக எழுதி வாங்கினோம். கட்டு டெல்லிக்குப் போனது. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 23-ஆம் பக்கத்தில் முத்திரை கையெழுத்தின்மேல் விழுந்துவிட்டது, மொழிபெயர்த்தவரின் சான்று இல்லை. மொழிபெயர்த்தவள் நான்தான், தப்பும் என்னுடையது. திரும்ப எல்லாம் செய்து அனுப்பினோம். அதற்கப்புறம் ஒரு செய்தியும் இல்லை. கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை.

23.03.2025

"அன்று மனசு உறுத்தவில்லையா" என்ற கேள்விக்கு: எனக்கு அன்று இருந்த ஒரே கவலை நாலரை மணி பஸ்.

23.03.2025, மதியம்

என் அண்ணன் மகள் கோவையில் வக்கீல். "அத்தை, இன்னும் 166பி-ன்னு எழுதறீங்க, போன ஜூலையோட அது போச்சு, இப்ப நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 112, 113" என்று திருத்துகிறாள். 112 நாம் கேட்பது, 113 அவர்கள் கேட்பது. குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 166பி-தான் வாயில் வரும், பழகிய பஸ் நம்பர் மாதிரி.

02.04.2025

மார்கோஸ் ஜூனியரைப் பற்றி எழுதினேன், அந்த நாட்டை முன்பு ஆண்ட அப்பா மார்கோஸை விட்டுவிட்டேன். இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகமே அவர் கதைதான்.

மார்கோஸும் மனைவியும் 1968-இல் ஸ்விஸ் வங்கியில் கணக்குத் திறந்தபோது போட்டுக்கொண்ட பெயர்கள் வில்லியம் சாண்டர்ஸ், ஜேன் ரயன். 1986 பிப்ரவரியில் மக்கள் திரண்டு அவர் ஹவாய்க்கு ஓடினார். ஒரு மாதத்தில் அவர் ஆள் ஒருவர் வங்கிக்குப் பணம் எடுக்க வர, 1986 மார்ச் 24 அன்று ஸ்விஸ் அரசு கணக்குகளை முடக்கியது. பிலிப்பைன்ஸ் கேட்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அதுவரை வங்கி ரகசியம் என்றால் கோயில் கர்ப்பகிரகம் மாதிரி வைத்திருந்த நாடு. ஒத்துழைப்பு ஒரே நாளில் வந்துவிட்டது, பணம் வரவில்லை. ஒவ்வொரு காகிதத்துக்கும் மேல்முறையீடு. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பு சொல்லி, சுமார் 68 கோடி டாலர் கைக்கு வந்தபோது 2004. மார்கோஸ் செத்தே 15 வருஷம்.

அரண்மனையை விட்டு ஓடும்போது விட்டுப்போன காகிதங்கள்தான் வழக்கின் உயிர். பொய்ப் பெயரில் கணக்கு வைத்தவர், அந்தப் பெயரில் போட்ட காகிதத்தைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்தார். எங்கள் கணக்கப்பிள்ளைதான் ஞாபகம் வருகிறார். எழுதியதை எறிய யாருக்கும் கை வருவதில்லை.

03.04.2025

ஒரு தேதிப் பொருத்தம் கண்ணில் பட்டது. 1986 மார்ச் 24: இந்தியா ஸ்வீடன் கம்பெனியோடு போட்ட போபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே நாள். ஸ்விஸில் ஒரு கணக்கு மூடிய அன்று இன்னொரு கதை ஆரம்பம். அர்த்தம் ஒன்றும் இல்லை. தேதிகளைத் தட்டியே வாழ்ந்தவளுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

11.04.2025

போபர்ஸை எடுத்ததும் நாலு பேர் வந்துவிட்டீர்கள். அதில் கட்சிச் சண்டையை விட்டுவிடுவோம், அதிகாரி கதை மட்டும்.

ஸ்வீடன் வானொலி 1987 ஏப்ரலில் லஞ்சச் செய்தியைச் சொன்னது. ஸ்வீடனில் விசாரித்த போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம். அங்கே 1988-இல் விசாரணையை மூடினார்கள். அவர் தன்னிடம் இருந்த 350-க்கு மேற்பட்ட காகிதங்களை சித்ரா சுப்பிரமணியம் என்ற நிருபரிடம் கொடுத்தார். சென்னையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழில் அவை வெளியாயின. தான்தான் கொடுத்தேன் என்று அவர் வெளியே சொன்னது 2012-இல். கால் நூற்றாண்டு வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் மூடி மறைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அவர் அப்போது சொன்னதுதான்.

முறையான வழி எப்படிப் போனது? 1990 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து ஸ்விஸுக்கு வேண்டுகோள் கடிதம். காகிதம் கைக்கு வந்தது 1997 ஜனவரியில். எங்கள் பனியன் கட்டு போன கொஞ்ச நாளில் அந்தச் செய்தி பேப்பரில் வந்தது. ஏழு வருஷம் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், 23-ஆம் பக்கக் குற்றவுணர்வு குறைந்தது.

லிண்ட்ஸ்ட்ராம் செய்தது ஒத்துழைப்பா? ஆபீஸ்காரியாக நான் சொல்வேன்: இல்லை. கேட்ட 17 கேள்விக்குப் பதில் கொடுப்பது எங்கள் வேலை, பதினெட்டாவதாக நாமே ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது வேலை இல்லை. நகல் பிரிவில் மனு இல்லாமல் ஒரு தாள் வெளியே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

12.04.2025

ராத்திரி முழுக்க நேற்று எழுதியது உறுத்தியது. கேட்க வேண்டியவர்களே கேட்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டால் 17 கேள்வி எங்கிருந்து வரும்? மூடிய விசாரணையின் காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியவரும் விதிப்படிதான் நடந்தார் என்று ஆகிறது. நேற்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.

19.05.2025

கிள்ளானில் இருக்கும் என் அத்தை மகன் இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்க ஊரை விட்டுட்டியே" என்கிறான். மலேசியா, 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் காணாமல் போன வழக்கு. ஒரே அரசாங்க ஆபீஸ் இரண்டு விதமாக நடந்துகொண்டதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

2015 ஜூலையில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது அட்டர்னி ஜெனரல் கனி பட்டேலை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் 2016 ஜனவரியில் பிரதமர் நஜிப்மேல் குற்றம் இல்லை என்றார். ஸ்விஸ் அரசு வழக்கறிஞர் உதவி கேட்டு எழுதியதற்குக் கிடைத்தது மறுப்பு. நன்றாகக் கவனியுங்கள், இங்கே கதை தலைகீழ். ஸ்விஸ்காரன் காகிதம் கொடுக்கத் தயார், பணம் பறிகொடுத்த நாடு வேண்டாம் என்கிறது. 2018 மே தேர்தலில் ஆட்சி போனது. அதே ஆபீஸ், அதே நாற்காலிகள், இப்போது எல்லா நாட்டோடும் ஒத்துழைப்பு. நஜிப் தொடர்புள்ள வீடுகளில் சோதனை போட்டு 284 பெட்டி கைப்பைகளும், 26 நாட்டு நோட்டுகளாக 11 கோடி ரிங்கிட்டுக்கு மேலும் எடுத்தார்கள். எண்ணுவதற்கு மத்திய வங்கியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 284 பெட்டிக்கும் பட்டியல் எழுதிய அந்தக் கையை நினைத்தால்தான் எனக்கு வலிக்கிறது. நாங்கள் பேக்கரி வழக்கில் 40 தட்டுக்கு ஜப்தி பட்டியல் எழுதியதற்கே ஒரு நாள் போனது.

20.05.2025

ஒரு திருமகள் மில்ஸ் காலத்துப் பெரியவர் "இதுக்கெல்லாம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்தாப் போதும்மா" என்று இரண்டே வரி எழுதியிருக்கிறார். பெரும்பாலும் சரி. முன்னாள் ஜனாதிபதி மிலோசெவிச்சை செர்பியா ஹேக்குக்கு ஒப்படைத்தது 2001 ஜூன் 28. அடுத்த நாளே பிரஸ்ஸல்ஸில் உதவி மாநாடு, நூறு கோடி டாலருக்கு மேல் வாக்குறுதி. காத்து இல்லை, பம்ப் செட்.

08.06.2025

ஒத்துழைக்காமல் இருப்பதிலும் குமாஸ்தா வேலை உண்டு. 2015 ஜூன், சூடான் ஜனாதிபதி பஷீர் தென்னாப்பிரிக்காவுக்கு மாநாட்டுக்கு வந்தார். அவர்மேல் ஹேக் வாரண்ட் 2009-இலிருந்தே இருக்கிறது. அவர் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்று பிரிட்டோரியா நீதிமன்றம் உத்தரவு போட்டது. அரசு வக்கீல் கோர்ட்டில் நின்று, போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவர் இங்கேதான் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், ராணுவ விமான தளத்திலிருந்து அவர் விமானம் கிளம்பிவிட்டது. பட்டியலில் பெயர் இல்லை! பட்டியல் எழுதியவர் கையைத்தான் பார்க்க வேண்டும். அவர் அன்று பதவியில் இருந்தவர், கோபி வாசகரின் கேள்விக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

09.06.2025

சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசெட்டையும் யாரோ கேட்டீர்கள். சுருக்கமாக. 1998 அக்டோபர் 16, லண்டன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஸ்பெயின் நீதிபதி கார்சோன் வாரண்டில் கைது. வழக்கு பிரபுக்கள் சபைவரை போய், முதல் தீர்ப்பை ரத்து செய்து, 1999 மார்ச்சில் மறுபடி தீர்ப்பு. கடைசியில் உள்துறை அமைச்சர் ஸ்ட்ரா, டாக்டர்கள் அறிக்கையை வைத்து உடல்நிலை சரியில்லை என்று 2000 மார்ச்சில் அனுப்பிவிட்டார். சாண்டியாகோவில் இறங்கியதும் மனிதர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்று எல்லாருக்கும் கை காட்டினார். மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்து வாய்தா வாங்கியவர், அன்று மாலையே சினிமா தியேட்டரில் மாட்டிக்கொள்வதை எத்தனை பார்த்திருக்கிறேன்.

அவருக்கும் அமெரிக்க வங்கி ஒன்றில் கணக்கு இருந்தது 2004-இல் வெளிவந்தது. அகஸ்டோ பினோசெட் உகார்த்தே என்று இருந்த பெயரை வங்கியே ஏ.பி. உகார்த்தே என்று மாற்றியிருந்தது. இனிஷியல்! நம் காங்கேயத்தாரைத் தேடியவர்கள் பழிவாங்கப்பட்டார்கள்.

03.08.2025, ஆடி 18

பவானி கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை, சீக்கிரமே திரும்பிவிட்டேன். இன்று சின்னமலை நாள். கோபி வாசகரின் முதல் கேள்விக்கு இன்றுதான் நேராகப் பதில் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

கொங்கு நாட்டில் காட்டிக்கொடுத்தவன் என்றால் சமையல்காரன் நல்லப்பன்தான். 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட கதையை அப்புச்சி சொல்லும்போது, நல்லப்பன் பெயர் வந்ததும் அம்மாயி காறித் துப்புவாள். அந்தக் கதையில் எது வலிக்கிறது? சோறு போட்டவன் கை. ஆட்சியில் இருந்த கம்பெனிக்காரனிடம், எதிர்த்து நின்றவனைக் கொடுத்தது.

டுட்டர்டேவைக் கொடுத்ததில் யார் யாருக்கு எதிராக நின்றார்கள்? அங்கே கோர்ட்டுக்குப் போனவர்கள் குடிசைப் பகுதித் தாய்மார்கள். பையனின் சாவுச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்தவர்கள். நல்லப்பன் கணக்கை இங்கே போட்டால் விடை வராது.

சரி, இன்னொன்று. சாட் நாட்டு ஹிசேன் ஹப்ரே. எட்டு வருஷம் ஆண்டுவிட்டு 1990-இல் செனகலுக்கு ஓடினார். அவருடைய ரகசியப் போலீஸ், பழைய நீச்சல் குளத்துக்குமேல் கூரை போட்டு அதையே சிறையாக்கி வைத்திருந்தது. 2001-இல் மனித உரிமைக்காரர்கள் அந்தப் போலீசின் கைவிட்ட கட்டடத்துக்குள் போனபோது தரையெல்லாம் காகிதம். கைதிகள் பட்டியல், வாக்குமூலம், சாவுக் குறிப்பு. 12,321 பேரின் பெயர்கள், அதில் காவலில் செத்தவர் 1,208. பெல்ஜியம் நீதிபதி ஒருவர் 2002-இல் வந்தபோது சாட் அரசு கதவைத் திறந்துவிட்டது. பழைய அதிகாரிகளையும் தப்பிப் பிழைத்தவர்களையும் அவர் விசாரித்தார். முன்னாள் ஜனாதிபதி என்ற காப்பையும் அரசே எடுத்துவிட்டது. 2016 மே மாதம் செனகலில் ஆயுள் தண்டனை.

அந்தக் காகிதங்களை நினைத்துத்தான் நான் தூங்கவில்லை. யாரோ ஒரு தட்டச்சர் ஒவ்வொரு நாளும் காலையில் உட்கார்ந்து, இன்று செத்தவர் இத்தனை என்று தேதி போட்டு, பெயர் தப்பில்லாமல் அடித்து, மேலே அனுப்பியிருக்கிறார். பயத்தில் அடித்தாரா, பழக்கத்தில் அடித்தாரா. எதிர்ப்பாக ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார். முதலாளி சொன்ன ரேட்டை எழுதினேன் என்றவர் மாதிரி. கடைசியில் ஹப்ரேவுக்கு எதிராக அசையாத சாட்சியாக நின்றது அந்தத் தாள். அவரைப் பாராட்டவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் தப்பில்லாமல்தான் அடித்திருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதனால்தான் தூக்கம் வரவில்லை.

04.08.2025

கோபி வாசகர்: "நல்லப்பனை வாபஸ் வாங்கிக்கறேன் அக்கா, ஆனா போலீஸை நம்பறதில்லை." சரி தம்பி.

18.11.2025

நேற்று டாக்காவில் வங்கதேச முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு மரண தண்டனை அறிவித்திருக்கிறார்கள். ஆள் இங்கே இந்தியாவில். இந்த இழை இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

போன வருஷம் ஆகஸ்ட் 5 அவர் கிளம்பி வந்த வாரம் திருப்பூர் டீக்கடைகளில் பேச்சே வேறு. யார் தப்பு யார் சரி என்று ஒருத்தரும் பேசவில்லை, டாக்காவுக்குப் போகும் பனியன் ஆர்டர் இங்கே வருமா என்றுதான் கணக்கு. வேண்டுதல்கூட வைத்திருப்பார்கள்.

இப்போது காகிதம். இரு நாட்டுக்கும் ஆளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 2013-இல் போட்டது, கைது வாரண்ட் இருந்தாலே போதும் என்று 2016-இல் சுலபமாக்கினார்கள். வங்கதேசம் 2024 டிசம்பரிலேயே கேட்டு எழுதிவிட்டது. அரசியல் குற்றம் என்றால் மறுக்கலாம் என்று ஆறாவது பிரிவு, ஆனால் கொலை அரசியல் குற்றத்தில் சேராது என்று அதிலேயே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு, நீதிக்காகக் கேட்கவில்லை என்று பட்டால் மறுக்கலாம் என்று எட்டாவது பிரிவு. கதவும் உண்டு, தாழ்ப்பாளும் உண்டு. கொடுக்க நினைத்தாலும் 1962 சட்டப்படி ஒரு மாஜிஸ்திரேட் முதலில் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதற்கும் ஒரு தட்டச்சர் வேண்டும்.

கொடுக்க வேண்டுமா? தூக்கு என்று முடிவான பிறகு, அவர் இல்லாமலே நடந்த வழக்கில், ஆளை அனுப்ப எனக்குக் கை வராது. ஆனால் அங்கே 2024 ஜூலையில் சுடப்பட்ட மாணவர்களின் அம்மாக்கள் கேட்டால் என்ன சொல்வேன்? டுட்டர்டே விஷயத்தில் தாய்மார்களை வைத்துப் பெரிய நியாயம் பேசினேன். பக்கத்து வீடு என்றதும் பிரிவு எட்டைத் தேடுகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

03.12.2025

ஹொண்டுராஸ் முன்னாள் ஜனாதிபதி ஹெர்னாண்டஸ். 2022 ஜனவரியில் பதவி முடிந்தது, பிப்ரவரியில் சொந்தப் போலீசே கைது செய்தது, ஏப்ரலில் அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. கொக்கெய்ன் கடத்தல் வழக்கு, 45 வருஷத் தண்டனை. முந்தாநாள் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டுவிட்டார்.

அந்த ஊரில் கைவிலங்கு போட்ட போலீஸ்காரர், கட்டைத் தைத்த குமாஸ்தா, சாட்சி சொன்னவர், இவர்கள் இன்று காலை செய்தியை எங்கே நின்று படித்திருப்பார்கள்? கேட்டவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அண்ணன் மகள் இதற்கும் பிரிவு எண் வைத்திருப்பாள், நான் கேட்கவில்லை.

29.01.2026

போன வாரம் பல்லடம் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர் இலையில் ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் வரும்போது கேட்டார், "நீங்க கோர்ட்டு அம்மா தானுங்க?" எனக்கு அவர் முகம் ஞாபகம் வரவில்லை. "காங்கேயமுங்க" என்றார்.

கணக்கப்பிள்ளை. காது கொஞ்சம் மந்தம். பனியன் கம்பெனி மூடிப் பத்து வருஷம் ஆச்சு, முதலாளியும் போய்ச் சேர்ந்தாச்சு என்றார். அந்த வழக்கு என்ன ஆனதென்று கேட்டார். தெரியாது என்றேன். அந்தப் பழைய அமைச்சர் உள்ளே போனாரா? அதுவும் தெரியாது என்றேன். கை கழுவும் இடத்தில் மறுபடி வந்து நின்றார்.

"அந்தப் பில் புக்கு இன்னும் பரண்லதானுங்க கிடக்குது. ரெண்டு வாட்டி வீடு மாத்தினப்பவும் சாக்கோட தூக்கிட்டுப் போனேன். பாதிக்கு மேல கரையான் தின்னுருச்சு. பையன் தினமும் சத்தம் போடறான். மறு உத்தரவு வந்துருச்சுங்களா?"

முப்பது வருஷம். அந்த வரியைத் தட்டியதே நான்தான், அது எங்கள் வழக்கமான வரி, எல்லாச் சாட்சிக்கும் அதையே அடிப்போம்.

"கரையான் எந்தப் பக்கத்தைத் தின்னுது?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது.

"ரோஸ் தாளை மட்டும் விட்டு வெச்சிருக்குதுங்க" என்றார்.